பாதாள சாக்கடை இல்லாத இடத்தில் எந்தக் கழிவுநீர் அமைப்பு? வீடு முதல் அடுக்ககம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பாதாள சாக்கடை வராத பகுதியில் வீடு கட்டியவர்களிடம் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால், "செப்டிக் டேங்க் இருக்கு" என்பார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் பல வீடுகளில் உள்ளே இருப்பது செப்டிக் டேங்க் இல்லை. அடியில் கான்கிரீட் போடாமல் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழி அது. கழிப்பறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் அதில் விழுந்து, சுத்தமாகாமலே மண்ணுக்குள் இறங்குகின்றன. அதே மனையில் இருபது முப்பது அடி தள்ளி போர்வெல் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் பல் துலக்குகிறார்கள். இது மாற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சந்தையில் பெயர்களுக்குக் குறைவில்லை. இரட்டைக் குழி, செப்டிக் டேங்க், பயோ டேங்க், எம்பிபிஆர், எஸ்பிஆர், எம்பிஆர் என்று அடுக்குவார்கள் (ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன்). எது நல்லது என்று கேட்டால் விற்பவர் ஒவ்வொருவரும் தன்னுடையதையே காட்டுவார். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். வெளியே வரும் தண்ணீர் கடைசியில் எங்கே போகப் போகிறது? அமைப்பைப் பத்து வருடம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே கழன்றுவிடும்.

படி 1: தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

வழிகள் நான்குதான். மண்ணுக்குள் இறக்கலாம், தோட்டத்துக்கு விடலாம், கழிப்பறை ஃப்ளஷுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம், அல்லது வெளியே வடிகாலில் விடலாம்.

வீட்டுக் கழிவுநீரின் மாசு அளவைப் பிஓடி என்ற கணக்கில், அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவில், சொல்வார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். நன்றாகக் கட்டிய செப்டிக் டேங்க்கூட அதில் 30 முதல் 40 சதவீதத்தைத்தான் குறைக்கும். கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் வெளிவரும் நீரில் இன்னும் ஏராளமாக இருக்கும். ஆகவே செப்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடுவது எந்தக் கணக்கிலும் சரியல்ல. அது ஊர் ஏரிக்குத்தான் போகும். வடிகாலைத் தவிர வேறு வழியே இல்லாத மனை என்றால் செப்டிக் டேங்குக்குப் பிறகு இன்னொரு கட்டச் சுத்திகரிப்பு கட்டாயம் வேண்டும். உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும்.

படி 2: எவ்வளவு தண்ணீர் வரும்?

குழாய் இணைப்புள்ள நகர வீட்டுக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர் பயன்பாடு, 540 லிட்டர் கழிவுநீர். 50 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 22,000 லிட்டர். இதை 22 கேஎல்டி (நாளொன்றுக்கு 22 கிலோலிட்டர்) என்பார்கள்.

சராசரியோடு நின்றுவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளன்று ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆடி மாதம் முழுக்க ஆளே இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காலை இடைவேளையில் மொத்தக் கூட்டமும் கழிப்பறைக்கு ஓடும், மே மாதம் சொட்டுத் தண்ணீர் வராது. இப்படிப்பட்ட இடத்துக்கு எந்த அமைப்பு கழிவுநீர் வராத நாட்களின் பட்டினியைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

படி 3: மண்ணைச் சோதியுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். செலவில்லாததும் இதுதான். ஆனாலும் வீடு கட்டுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உறிஞ்சிக் குழி, அதாவது கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி, வரப்போகும் இடத்தில், வரப்போகும் ஆழத்துக்கு, ஓரடிக்கு மேல் அகலமில்லாத குழி ஒன்றைத் தோண்டுங்கள். பக்கச் சுவரைக் கம்பியால் கீறிவிட்டு உதிர்ந்த மண்ணை எடுத்துவிடுங்கள். அடியில் 5 சென்டிமீட்டருக்குப் பொடி ஜல்லி போட்டு, அதற்கு மேல் ஓரடிக்காவது தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி செய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரவில் ஊற்றியது முழுக்க வடிந்துவிட்ட மண்ணாக இருந்தால் திரும்பத் திரும்ப நிரப்பிச் சில மணி நேரம் அளந்து, கடைசி அரை மணி நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470-இன் இரண்டாம் பகுதி இந்த எண்ணை வைத்தே வழி சொல்கிறது. 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சிக் குழியும் போடலாம், ஆழம் குறைந்த நீளமான உறிஞ்சு கால்வாயும் போடலாம். 30 முதல் 60 நிமிடம் என்றால் கால்வாய் மட்டும். 60 நிமிடத்துக்கு மேல் என்றால் மண்ணை நம்பவே கூடாது. செப்டிக் டேங்குக்குப் பிறகு வடிகட்டித் தொட்டி கட்டியாக வேண்டும்.

குழியின் அளவையும் இதே எண்தான் தீர்மானிக்கிறது. 204-ஐ அந்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் எத்தனை லிட்டர் ஏற்கும் என்று தெரியும். உங்கள் குழியில் அரை மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டருக்கு 15 நிமிடம். 15-இன் வர்க்கமூலம் சுமார் 3.9. ஆக, சதுர மீட்டருக்கு 53 லிட்டர் அளவில் இறங்கும். 540 லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். உறிஞ்சிக் குழிக்குக் குழாய் நுழையும் மட்டத்துக்குக் கீழே உள்ள பக்கச் சுவரின் பரப்பைத்தான் கணக்கிட வேண்டும். அடிப்பரப்பு கசடு படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் விட்டத்தில் 2.2 மீட்டர் ஆழக் குழி ஒன்று இதற்குப் போதும். ஆழம் போக முடியாவிட்டால் அதே விட்டத்தில் 1.1 மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள். "நாலு உறை போதும் சார்" என்று குழி தோண்டுபவர் சொல்வதற்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரம்தான் மழைக்காலத்தில் கழிப்பறைக் கோப்பையில் மேலேறி வருகிறது.

கரிசல் மண்ணில் சோதனை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு வழியே சரசரவென்று இறங்கும், அருமையான மண் என்று தோன்றும். மழை பெய்து மண் உப்பியதும் அதே இடம் ஒரு சொட்டுகூட வாங்காது. கரிசலில் சோதனையை மழைக்குப் பிறகே செய்யுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற பாறை நிலத்தில் ஆபத்து வேறு மாதிரி. பாறைப் பிளவு வழியே தண்ணீர் எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராகப் போர்வெல்லுக்குப் போய்விடும். கடலோர மணலிலும் வேகமாக இறங்குவதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 4: நிலத்தடி நீரும் கிணறும்

மழைக்கால முடிவில், அதாவது நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உறிஞ்சிக் குழியின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் 2 மீட்டராவது இடைவெளி வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் டெல்டாவில் பல இடங்களில் இது கிடைக்காது. அங்கே குழியை மறந்துவிட்டு, நிலமட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டும் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

குடிநீர்க் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் 18 மீட்டர், வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளித்தான் உறிஞ்சும் அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. இரண்டரை சென்ட் மனையில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்காரரின் போர்வெல்லும் இந்தக் கணக்கில் வரும். இடைவெளி கிடைக்காத இடத்தில் சுத்திகரிப்பைக் கூட்டுவது ஒன்றே வழி.

படி 5: இப்போது தேர்வு செய்யலாம்

கிராமத்து வீடு, இடமிருக்கிறது, தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை, மண்ணும் நன்றாக உறிஞ்சுகிறது என்றால் இரட்டைக் குழியே போதும். பிந்தேஷ்வர் பதக் 1970-இல் தொடங்கிய சுலப் அமைப்பு இந்தியா முழுக்கப் பரப்பியது இதைத்தான். ஒரு குழி நிரம்பச் சுமார் மூன்று வருடம் ஆகும். பிறகு மறு குழிக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் ஆறப் போட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். கழிப்பறைத் தண்ணீர் மட்டுமே போக வேண்டும், குளியல் தண்ணீரை விடக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஊர்களில் முதல் குழி நிரம்பி வழிந்து இரண்டாவதில் விழும்படி வரிசையாக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எந்தக் குழிக்கும் ஓய்வு கிடைக்காது. நடுவில் ஒய் வடிவப் பிரிவுத் தொட்டி இருக்க வேண்டும், அதில் ஒரு வழி அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தனி வீட்டுக்கு, மண் ஒத்துக்கொண்டால், என் முதல் தேர்வு முறையான செப்டிக் டேங்கும் உறிஞ்சிக் குழியும்தான். மோட்டார் இல்லை, ஆபரேட்டர் இல்லை. ஆனால் அது உண்மையான செப்டிக் டேங்காக இருக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் ஒரு சொட்டு கசியக் கூடாது. ஐஎஸ் 2470-இன் முதல் பகுதிப்படி அகலம் 75 சென்டிமீட்டருக்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக் கூடாது. நீளம் அகலத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியை அது காட்டுகிறது. இடமிருந்தால் பெரிதாகவே கட்டுங்கள், விருந்தாளிகள் வரும் வீடு நம் வீடு.

உள்ளே தடுப்புச் சுவர் வைத்து முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் டீ (ஆங்கில T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, அதன் கீழ்முனை நீர்மட்டத்துக்குக் கீழே ஓரடி இறங்கியிருக்க வேண்டும். இந்த டீ இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு நேராக உறிஞ்சிக் குழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். ஒரு டீயின் விலைக்கு யோசித்து மொத்தக் குழியையும் இழக்கிற வீடுகள் இருக்கின்றன. வாயு போகும் குழாய் கட்டடத்தை விட 2 மீட்டர் உயரமாக இருக்கட்டும். உச்சியில் கொசு வலை கட்டாயம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் செழிப்பாக வளரும்.

களிமண், கரிசல், உயர்ந்த நிலத்தடி நீர் உள்ள இடங்களில் செப்டிக் டேங்குக்கு அடுத்து ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். தனி வீடு என்றால் மேல்நோக்கிப் பாயும் வடிகட்டித் தொட்டி. தண்ணீர் அடியிலிருந்து ஜல்லி வழியே மேலேறும்போது கற்களில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பள்ளி, விடுதி, மண்டபம் அளவுக்குப் போனால் தடுப்பறைத் தொட்டி நல்லது. நான்கைந்து அறைகளில் தண்ணீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக் கசட்டுப் படுகையைத் துளைத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் கரண்ட் வேண்டாம். சில வாரம் பட்டினி கிடந்தாலும் உள்ளே உள்ள நுண்ணுயிர்கள் சாகாமல் காத்திருக்கும். ஆகவே மண்டபத்துக்கும் பள்ளிக்கும் தயங்காமல் இதையே சொல்வேன். நுண்ணுயிர்கள் பெருகி முழு வேலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பழைய செப்டிக் டேங்க் கசடோ சாணிக் கரைசலோ ஊற்றினால் சீக்கிரம் தொடங்கும்.

இதிலிருந்து வரும் தண்ணீரைச் செடிப் படுகை வழியே விட்டால் தோட்டத்துக்கு உகந்த அளவுக்குத் தெளிந்துவிடும். கசியாத தரை போட்ட, இரண்டடி ஆழமுள்ள ஜல்லித் தொட்டியில் கல்வாழை, நாணல், சம்பங்கோரை நடுவார்கள். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நகரும், மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் கொசு வந்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை வேண்டியிருக்கும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலும், ஆரோவில்லின் பல குடியிருப்புகளிலும் இந்த வகை அமைப்புகள் இயங்குகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இப்படிச் சுத்தமான தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் வேர்ப்பகுதியில் விடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விடக் கூடாது.

கடைகளில் கிடைக்கும் பயோ டேங்க் வகைகளில் ஒரு அடிப்படை உண்மையை மனத்தில் வையுங்கள். அதுவும் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் தொட்டிதான். பிளாஸ்டிக் தொட்டி கசியாது, ஒரே நாளில் புதைத்துவிடலாம், உயர்ந்த நிலத்தடி நீர் உள்ள இடத்தில் வசதி. இதெல்லாம் சரி. "வாழ்நாள் முழுக்கச் சுத்தம் செய்யவே வேண்டாம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். மணலையும் பிளாஸ்டிக்கையும் எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. வெளிவரும் நீருக்கும் உறிஞ்சும் இடமோ செடிப் படுகையோ வேண்டும். நிலத்தடி நீர் உயரும் இடத்தில் காலித் தொட்டி மிதந்து மேலே வரும், கான்கிரீட்டில் கட்டி வைக்க வேண்டும்.

படி 6: அடுக்ககங்களுக்கு, ப்ளோயர் வைத்த எஸ்டிபி

இடம் இல்லாத அடுக்ககத்தில் ப்ளோயர் என்ற இயந்திரத்தால் காற்று ஊதும் எஸ்டிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) தவிர்க்க முடியாது. ஐம்பது வீட்டுக்குச் செடிப் படுகை போட 200 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும், நகரத்தில் யார் விடுவார்கள்? 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானம் உள்ள திட்டம் என்றால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி தேவை, சுத்திகரிப்பு நிலையமும் அந்த நிபந்தனைகளோடு சேர்ந்தே வரும்.

எம்பிபிஆரில் சிறு பிளாஸ்டிக் வளையங்கள் தொட்டிக்குள் சுழலும், அவற்றின்மேல் நுண்ணுயிர் படலம் வளரும். தண்ணீர் ஏறி இறங்கினாலும் ஓரளவு தாங்கும், கசட்டைத் திருப்பி அனுப்பும் வேலையும் இல்லை. எஸ்பிஆரில் ஒரே தொட்டியில் நிரப்புவது, காற்று ஊதுவது, படிய விடுவது, தெளிந்ததை இறக்குவது எல்லாம் நேரப்படி மாறி மாறி நடக்கும். தண்ணீர் நன்றாகத் தெளியும், ஆனால் தானியங்கி வால்வு கெட்டால் கைகொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எம்பிஆர் சவ்வு வழியே வடிகட்டுவது. மூன்றிலும் சுத்தமான தண்ணீர் அதில்தான், இடமும் குறைவு. ஆனால் சவ்வை வேதிப்பொருள் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், சில வருடத்தில் மாற்றவும் வேண்டும், அந்தச் செலவு பெரிது. நூறு வீடுகளுக்குக் குறைவான சங்கத்துக்கு எம்பிபிஆரே ஏற்றது என்பது என் கருத்து. எம்பிஆரை இடம் துளியும் இல்லாதபோது மட்டும் யோசியுங்கள்.

கொட்டேஷனில் நிலையத்தின் விலையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 3 கிலோவாட் ப்ளோயர் நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 60 யூனிட், மாதம் 1,800 யூனிட். அதோடு பம்புகள், ஆபரேட்டர் சம்பளம், குளோரின், கசடு எடுக்கும் லாரி. பத்து வருடச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்று ப்ளோயர் இருக்கிறதா, ஜெனரேட்டரில் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். காற்று நின்ற சில மணி நேரத்திலேயே நாற்றம் கிளம்பும், ஒரு நாளைக்கு மேல் நின்றால் நுண்ணுயிர்களை மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

புதிய அடுக்ககத்தில் முதல் வருடம் பாதி வீடுகூட நிரம்பாது. முழு அளவுக்குக் கட்டிய நிலையம் அப்போது உணவில்லாமல் தடுமாறும். இரண்டு சரிபாதித் தொட்டிகளாகக் கட்டி, முதலில் ஒன்றை மட்டும் ஓட்டும் வசதியைக் கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள். சுத்தமான நீரை ஃப்ளஷுக்குப் பயன்படுத்தத் தனிக் குழாய் வரிசை வேண்டும். சுவர் பூசிய பிறகு அதைச் சேர்க்க முடியாது.

படி 7: குளியல் தண்ணீரைப் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள்

வீட்டுக் கழிவுநீரில் பெரும்பங்கு குளியலறையிலிருந்தும் துணி துவைப்பதிலிருந்தும் வருவது. அதில் அழுக்கு குறைவு. தனிக் குழாயில் கொண்டுவந்து, சிறு வண்டல் தொட்டி வழியே கல்வாழைப் பாத்திக்கு விட்டால் செப்டிக் டேங்குக்குப் போகும் தண்ணீர் பாதிக்கு மேல் குறையும். சமையலறைத் தண்ணீரை அப்படி விட வேண்டாம், எண்ணெய் ஜல்லியை அடைத்துவிடும். எண்ணெய்ப் பொறி வைத்து செப்டிக் டேங்குக்கே அனுப்புங்கள். பினாயிலும் ஆசிடும் நாள்தோறும் கழிப்பறையில் கொட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். எந்த அமைப்பானாலும் உள்ளே உழைப்பது நுண்ணுயிர்கள்தான்.

படி 8: கசடு எடுப்பதை இப்போதே திட்டமிடுங்கள்

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். நிரம்பி வழியும்வரை காத்திருந்தால் உறிஞ்சிக் குழி அடைபட்டிருக்கும், அதைத் திரும்பப் பெற முடியாது. எக்காரணம் கொண்டும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பதில்லை. மனிதர்களைப் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு உயிரைப் பணயம் வைத்துக் கழுவும் தொட்டி நமக்கு வேண்டாம். உரிமம் பெற்ற லாரியை 14420 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். லாரிக்காரர் கசட்டை எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பது போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கோ மாநகராட்சியின் கழிவுநீர் நிலையத்துக்கோ போனால்தான் உங்கள் செலவுக்குப் பொருள் உண்டு.

இவை எல்லாம் முடிவான பிறகு, மூடி போடுவதற்கு முன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம், பூச்சு வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வேண்டும், அதன்மேல் டைல்ஸ் ஒட்டக் கூடாது. தெருவில் நிற்கும் லாரியின் குழாய் அந்த மூடி வரை எட்டுகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, குழாய்கள் போகும் வழியைப் போட்டோ எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.